நாலே குழாய்

டிரெய்லர் வண்டியின் வெந்நீர் ஹீட்டரின் அடித் திருகைக் கழற்றியதும் கொட்டிய தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. ஓரெஸ்ட்டுக்கு அது பிடிக்கவில்லை. காஸ் சிலிண்டரைக் கழற்றி மூன்று வாரம் ஆகிறது. கனடாவின் சஸ்காட்செவனில் அக்டோபர் கடைசி என்றால் வாளித் தண்ணீரே விரலைக் கடிக்கும். வெயில் பட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கையைக் கால்சட்டையில் துடைத்தான். என்ன வெயில்? நாலு நாளாக வானம் மூடிக்கிடந்தது.

குழாய்க்குள் தண்ணீர் நின்றால் குளிரில் உறைந்து வெடித்துவிடும். அதனால் வருஷா வருஷம் இதே கூத்துதான். கோடையில் வீடுபோலத் தங்கும் அந்த வண்டியின் பக்கவாட்டில் ஓரெஸ்ட் மண்டியிட்டு, குளிரில் உறையாத ரோஸ் நிறத் திரவத்தைக் கேனிலிருந்து பம்பில் ஏற்றுவான். உள்ளே மனைவி நாடியா ஒவ்வொரு குழாயாகத் திறந்து, தண்ணீர் ஓய்ந்து ரோஸ் வந்ததும் மூடிவிட்டுக் கத்துவாள். நாலு குழாய், நாலு கத்தல். பிறகு வீட்டுக்குப் போய்ச் சூடாக பீட்ரூட் சூப்.

"யோவ் கெழவா, தூங்கிட்டியா? பம்பப் போடுய்யா!"

"போட்டாச்சுடி வாயாடி. நீ குழாயப் பாரு."

பம்ப் உறுமியது.

"சமையக்கட்டு வந்துருச்சு!" என்றாள். கொஞ்ச நேரத்தில், "முகம் கழுவுறது வந்துருச்சு!" அப்புறம் ஷவர். அப்புறம், "கக்கூஸும் ஆச்சு, அப்பாடா!"

பம்பை நிறுத்தக் கையை நீட்டினான்.

"வந்துருச்சு!"

"எதுடி வந்துருச்சு?"

கேனில் திரவம் மளமளவென்று இறங்கிக்கொண்டிருந்தது. ஹீட்டருக்குப் போகும் வால்வை மூட மறந்துவிட்டோமோ? போன வருஷம் பக்கத்துப் பண்ணைக்காரன் அப்படித்தான் ரெண்டு கேனைத் தொலைத்துவிட்டு ஊரெல்லாம் புலம்பினான். ஆனால் மறந்திருந்தால் திருகு கழற்றிய ஓட்டை வழியாக ரோஸ் கொட்டியிருக்க வேண்டும். ஓட்டை காய்ந்து கிடந்தது.

"இன்னொண்ணும் வந்துருச்சு!"

அதே குஷி. ஆனால் வாய் கொப்பளித்துக்கொண்டே பேசுவதுபோலக் களகளவென்று இருந்தது குரல்.

சுவிட்சை அணைத்தான். பம்ப் நிற்கவில்லை. பாட்டரி வயரைப் பிடுங்கினான். நிற்கவில்லை. கேனுக்குள் கிடந்த குழலைப் பிடித்து இழுத்தான். காம்பைக் கவ்விய கன்றுபோல அது விட மறுத்தது. இருபத்தெட்டு வருஷம் கூடவே இருந்தவள். அவளை விட்டால் அவனுக்கு யார் இருக்கிறார்கள்?

"நாடியா! எல்லாத்தையும் விட்டுட்டு வெளிய வாடி!"

கதவை இழுத்தான். தாழ்ப்பாள் உடைந்து வருஷக்கணக்கான கதவு, அசையவில்லை. வண்டியில் காலை ஊன்றி இழுத்தான். நகம் பிய்ந்தது.

"வந்துருச்சு!"

ஜன்னலுக்கு ஓடினான். புறங்கையால் கண்ணாடியைத் துடைத்தான்.

நாலு குழாயும் மூடியிருந்தன. சொட்டுக்கூட இல்லை. நடுவில் அவள் நின்றாள். கைகள் தொங்கின. மூக்கிலிருந்து ரோஸ். காதிலிருந்து. கண்ணோரத்திலிருந்து. சுத்தமான, தெளிவான ரோஸ்.

கண்கள் மட்டும் அவளுடையவை. அவை அவனைக் கெஞ்சின.

வாய் திறந்தே கிடந்தது. உதடு அசையவில்லை. உள்ளேயிருந்து அந்தக் குரல் சந்தோஷமாகக் கத்தியது.

"நிறுத்திடாத கெழவா! காலுல இன்னும் தண்ணிதான் இருக்கு!"