கயிறு பிடிக்க ஒரு மச்சான்

தேன்கிண்டிப் பாறையின் விளிம்பில் குப்புறப் படுத்துக் கீழே எட்டிப் பார்த்தான் சோலையப்பன். இருநூறு அடி! பாதி வழியில் கறுப்பாக ஒரு குகை வாய்.

"இருக்குடா! படத்துல போட்டிருக்கிற அதே குகை!"

"குகை இருக்கு. நடுவுல தரைதான் இல்லை" என்றான் நண்பன் பெஞ்சமின்.

வீட்டுப் பழைய பெட்டியின் அடியில் இப்போதுதான் கிடைத்த அந்தப் படத்தை வரைந்தவர் சோலையின் கொள்ளுத்தாத்தா. குறும்பனூர்க் கோயில் பூசாரி. கொள்ளையர் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டு, அம்மனின் வெண்கல விளக்கை இந்தக் குகையில் ஒளித்தார். சமவெளிக்கு இறங்கியவர் காய்ச்சலில் போய்விட்டார். விளக்கைத் திருடிக்கொண்டு ஓடிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. எண்பது வருடமாக அந்தக் குடும்பத்துக்கு 'விளக்குத் திருடன் வம்சம்' என்றே பெயர். அதைத் துடைக்கத்தான் சோலை வந்திருந்தான்.

ஊரில் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. தேனெடுக்கும் வீட்டுப் பெண் வீரக்காள் மட்டும் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது பொய்ப் படமில்லை. நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஊருக்கு முன்னால் சொன்னாள்.

சோலைக்கு அவள்மேலும் சந்தேகம். பரீட்சையில் தன் விடையை நம்பாமல் பக்கத்து விடைத்தாளைப் பார்த்தவன் அவன். பிறகு அதையும் நம்பாமல் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்தவன். முதல் நாள் ஓடையில் அவள் கை நீட்டினாள். பிடிக்காமல் விழுந்தான். இரண்டாம் நாள் அவள் தொடாதே என்று சொன்ன செடியைத் தொட்டுப் பார்த்தான். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, ஏதோ தழையைக் கசக்கி அவன் முழங்கையில் தேய்த்துவிட்டாள். அரிப்பு போய்விட்டது. வேறு ஏதோ வந்துவிட்டது.

"உங்க மச்சான் எங்கய்யா?" என்றாள் வீரக்காள் இப்போது, காட்டுக்கொடிக் கயிற்றை மரத்தில் சுற்றியபடி.

"மச்சானா?"

"இங்க மச்சான்தான் கயிறு பிடிக்கணும். கூடப்பிறந்தவன் காணி நிலத்துக்காகக் கையை விட்டுருவான். பெண்டாட்டியோட அண்ணன் விடமாட்டான். விட்டா தங்கச்சி தாலி போயிரும்ல!"

கல்லூரியில் நானூறு பேரை மச்சான் என்று கூப்பிட்டிருந்த சோலைக்கு அவசரத்துக்கு ஒருவன்கூட இல்லை.

"நான் இருக்கேனே!" என்றான் பெஞ்சமின்.

"உங்க அக்காவையா கட்டியிருக்காரு?"

"எனக்கு அக்காவே இல்லைங்க."

"எங்க அண்ணன் சடையன் எதிர்ப்பாறையிலதான் தேன் எடுக்கிறான். கேட்டேன். 'அவன் எனக்கு என்ன முறை?'ன்னுட்டான். நானே பிடிக்கிறேன்."

"உனக்கு என்ன முறை?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான் சோலை.

"நீங்க விழுந்தா, திருடன் வம்சத்தை நம்பின கிறுக்கின்னு என்னைத்தான் ஊர் சொல்லும். எனக்கும் நஷ்டம் இருக்கு. போதுமா?"

போதவில்லை. ஆனாலும் இறங்கினான்.

கயிறு கிறீச்சிட்டது! கால் வழுக்கியது! குகை வாசலில் கட்டில் அளவுக்கு ஒரு தேன்கூடு தொங்கியது. மூச்சை அடக்கி உள்ளே நுழைந்தான். கற்குவியலைப் புரட்டினான். பச்சைக் களிம்பேறி, இடுப்புயரத்தில், ஐந்து முகத்தோடு நின்றது விளக்கு!

"கிடைச்சிருச்சு!"

மேலிருந்து வீரக்காளின் குரல். "ரெண்டு பாரத்தையும் கயிறு தாங்காது! விளக்கை முதல்ல அனுப்புங்க!"

சோலையின் கை இடுப்பு முடிச்சில் நின்றது. விளக்கு மேலே போய்விட்டால் ஊருக்கு வேண்டியது கிடைத்துவிடும். தனக்கு யார் கயிறு போடுவார்கள்?

முழங்கையைப் பார்த்தான். முடிச்சை அவிழ்த்தான். விளக்கைக் கட்டினான்.

வீரக்காளும் பெஞ்சமினும் இழுக்க, விளக்கு ஆடி ஆடிப் போனது. போகிற போக்கில் தேன்கூட்டில் ஓர் இடி. டங்! மொத்தத் தேனீக் கூட்டமும் மேல்நோக்கிக் கிளம்பியது. "ஐயோ ஆண்டவரே!" என்று பெஞ்சமின் அலறியது கேட்டது. பிறகு எதுவும் கேட்கவில்லை.

குகைத் தரையில் இருந்த வெயில் சுவருக்கு ஏறிவிட்டது. கயிறு வரவில்லை. விட்டுவிட்டுப் போய்விட்டாள் என்று நினைத்துப் பார்த்தான் சோலை. இருபத்திரண்டு வருடம் கூடவே இருந்த சந்தேகம், கூப்பிட்டும் வரவில்லை. 'அவளைத் தேனீ ரொம்பக் கொட்டியிருக்குமோ' என்ற கவலைதான் வந்தது.

பொத்தென்று கயிறு விழுந்தது! கூடவே இதுவரை கேட்டிராத ஒரு முரட்டுக் குரல்.

"மாப்ளே! இடுப்புல கட்டிட்டு ஆட்டுங்க! நான் இருக்கேன்!"

மாப்ளையா? யோசிக்க நேரமில்லை, கட்டினான், ஆட்டினான், பறந்தான்!

மேலே பெஞ்சமினின் முகம் பூசணிக்காய் ஆகியிருந்தது. கயிற்றின் மறுமுனையில் ஆலமரம்போல ஓர் ஆள் நின்றிருந்தான். சடையன்.

"தேனீ இவரைக் கொட்டிச் சாய்ச்சிருச்சு. ஒத்தையா இழுக்க முடியாதுன்னு தங்கச்சி ஓடி வந்தா. முறையில்லாதவனுக்குப் பிடிக்கமாட்டேன்னேன். 'முறைதான், உன் மாப்பிள்ளைதான்'னு சொல்லிட்டா. அப்புறம் நான் எப்படிச் சும்மா இருக்க?"

வீரக்காளின் ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இன்னொரு கண் தரையைப் பார்த்தது. "அவசரத்துக்குச் சொன்னது. வேண்டாம்னா பொய்யின்னு வெச்சுக்கலாம்."

"எதையும் நாலு தடவை விசாரிக்காம நான் நம்பினதில்லை" என்றான் சோலை. "இதை அப்படியே நம்பிக்கிறேனே?"

திறந்திருந்த ஒற்றைக் கண் நிமிர்ந்தது. சிரித்தது.

"ஊருக்குப் போய்ப் பேசுங்க. எனக்கு எரியுது" என்றான் பெஞ்சமின்.

மறுநாள் காலை, கொட்டுச் சத்தத்தோடு விளக்கு குறும்பனூருக்குள் போனது. ஐந்து முகமும் எரிந்தன. ஊர்த்தலைவர் பூசாரியின் பெயரைச் சொல்லி முதல் மரியாதையைச் சோலையிடம் நீட்டினார். சோலை அப்பாவுக்குப் போன் போட்டான்.

"விளக்கு கிடைச்சிருச்சுப்பா. நாம திருடங்க இல்லை."

மறுமுனையில் அப்பா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அப்புறம் இன்னொரு விஷயம். நீங்க உட்கார்ந்துக்கிட்டா சொல்றேன்."

யாரையும் நம்பாதவன் ஏமாறுவதில்லை என்பார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அவனை மேலே தூக்கிவிடவும் ஆள் இருக்காது.