இரண்டு பேருக்குச் சொன்ன வீடு

அறுபத்தொன்பதாம் வருஷம், ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். பிள்ளையார்பாளையத்தில் மாணிக்கவாசகம் வீட்டு வாசலில் ஒரே நேரத்தில் இரண்டு ரிக்ஷாக்கள் வந்து நின்றன. ஒன்றிலிருந்து டிரங்குப் பெட்டியோடு கமலவேணி இறங்கினாள். ஆஸ்பத்திரி நர்ஸ். மற்றதிலிருந்து இடுப்பில் நாலு வயதுப் பெண்ணும் கையில் தவலையுமாக வடிவு இறங்கினாள்.

பின்கட்டில் இருந்த ஒற்றை அறையை வீட்டுக்காரர் நர்ஸுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அவர் மனைவி பட்டம்மாளோ, தறிக்காரர்களுக்குப் பட்டு நூல் சுற்றிக் கொடுக்கும் வடிவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். புருஷன் பெண்டாட்டி ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

"எனக்குத்தாம்மா சொன்னாங்க. நீ வேற வீடு பாத்துக்க" என்றாள் கமலவேணி.

"ஏன், நீதான் பாத்துக்கயேன்! சம்பளக்காரிக்கு எவனும் வீடு குடுப்பான். எனக்கு யாரு குடுப்பா?"

"புள்ளய வெச்சிக்கினு இன்னா வாய் இது!"

"இந்த வாய் இல்லன்னா நாங்க ரெண்டு பேரும் எப்பவோ செத்திருப்போம்!"

கமலவேணி சட்டென்று நிமிர்ந்தாள். மழை வழியும் முகம்... அதில் இரண்டு பெரிய கண்கள். கோபம் என்றுதான் முதலில் நினைத்தாள். உற்றுப் பார்த்தபோது அது பயம் என்று தெரிந்தது. இன்றைக்கு எங்கே படுப்பது என்கிற பயம். வார்டில் எத்தனையோ கண்களைப் பார்த்தவள்தான். இந்தக் கண்களிலிருந்து மட்டும் ஏனோ பார்வையை எடுக்க முடியவில்லை...

"கொழந்தைக்குத் தல ஈரமா இருக்குது. மொதல்ல உள்ள வா" என்றாள்.

"ரெண்டும் பொம்பளைங்கதானே... சேந்தே இருங்களேன்மா" என்று பட்டம்மாள் வழக்கை முடித்துவைத்தாள்.

இருந்தார்கள்.

வடிவின் புருஷன் பம்பாயில் வேறொருத்தியோடு இருந்தான். கமலவேணி விடுதியில் வளர்ந்தவள். சாப்பிட்டாயா என்று கேட்கவும் ஆளில்லாதவள். இப்போது வேலை முடிந்து வந்தால் சுடுசோறு இருந்தது. மடியில் ஏறிக்கொள்ள வடிவின் பெண் பூவம்மாள் இருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் ஒருத்தி தோளில் போட்டுக்கொள்ள, இன்னொருத்தி கஞ்சி வைத்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை வடிவு கமலவேணியின் தலையில் மல்லிகைச் சரத்தைச் செருகினாள். செருகிய விரல்கள் பின்கழுத்தில் ஒரு கணம் கூடுதலாகத் தங்கின... அன்றைக்குச் சோறு போடும்போது வடிவு நிமிரவே இல்லை.

அடுத்த மழைக்காலமும் வந்தது. கூடவே தாமல் கிராமத்திலிருந்து வடிவின் அண்ணன் ராஜவேலுவும் வந்தார்.

"பாலுசெட்டிசத்திரத்துல ஒருத்தரு இருக்காரு. பொஞ்சாதி இல்ல. இவளையும் புள்ளயையும் ஏத்துக்கறேன்றாரு. பழைய உறவுதான் பஞ்சாயத்துல அத்துவுட்டாச்சே! ரெண்டு பொம்பளையும் ஒரு புள்ளயும்... இது ஒரு குடும்பமாம்மா? நீங்களே சொல்லுங்க."

வடிவு கமலவேணியையே பார்த்தாள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை...

கமலவேணி குனிந்து குழந்தையின் சட்டையைச் சரிசெய்தாள். 'எந்த உரிமையில் சொல்வது? அவளுக்கு ஒரு வாழ்வு வருகிறது. தடுத்தால் நாளைக்கு என்னையே வெறுப்பாளோ?' வீம்பு வேறு. யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள்.

"நல்ல எடமாத்தான் தெரியுது. போவட்டும்" என்றாள்.

வடிவு அழவில்லை. துணிகளை மடித்தாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வரைதான் கமலவேணியால் தாங்க முடிந்தது. வேலூர் பஸ்ஸில் ஏறித் தாமலில் இறங்கினாள். ராஜவேலு வீட்டுக் கூடத்தில் மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் நின்றவளைக் கண்டதும் "கமலாம்மா!" என்று பூவம்மாள் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாள்.

வந்தவர்களில் ஒரு பெரியவர் மரியாதையாகக் கேட்டார். "நீங்க பொண்ணுக்கு இன்னா ஒறவும்மா?"

கமலவேணி பூவம்மாளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

உள்ளேயிருந்து வடிவு வந்தாள். புதுப் புடவை... அழுது வீங்கிய கண்கள்.

"மன்னிச்சிக்குங்க பெரியவரே. என் குடும்பம் இதான். நானு, எம் பொண்ணு, இவங்க. உங்கள வரவழைச்சது எங்க தப்பு."

ராஜவேலு துள்ளி எழுந்தார். "ஊரு சிரிக்கும் வடிவு!"

"அவன் என்ன உட்டுட்டுப் போனப்பவே சிரிச்சிட்டாங்கண்ணே. அப்புறம் இந்தப் புள்ளைக்குச் சோறு ஊட்டினது ஊரா? இவங்கதானே!"

ராஜவேலு போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு, குழந்தையின் செருப்பைத் தேடி எடுத்துத் தங்கையின் முன்னால் வைத்தார்.

மூவரும் ஏரிக்கரையில் நடந்தார்கள். நிறைந்த ஏரியின் மேல் தூறல்... பூவம்மாள் முன்னால் ஓடினாள்.

"எதுக்கு வந்த? போவட்டும்னு சொன்னவதானே நீ!" என்றாள் வடிவு.

"பயம் வடிவு."

"ஊருக்கே ஊசி போடற உனக்கா?"

கமலவேணி சிரிக்கவில்லை. நின்றாள்.

"நான் உன்ன அக்கா தங்கச்சி மாதிரி நெனைக்கல. தாலி கட்டிக்கினவங்க ஒருத்தர ஒருத்தர் எப்டி நெனைப்பாங்களோ... அப்டி. ரொம்ப நாளா. சொன்னா எங்க என்ன வெறுத்துடுவியோன்னு வாய மூடிக்கினு இருந்தேன். இப்ப சொல்லிட்டேன்..."

வடிவு முந்தானையை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தாள். மழைத் தண்ணீர் மட்டுமில்லை என்று தெரிந்தது. துடைத்த கையை எடுக்காமலே பேசினாள்.

"இதுக்குப் பேரு இன்னான்னு எனக்குத் தெரியாது கமலா. யாரும் சொல்லிக் குடுக்கல. ஆனா அங்கேர்ந்து வந்ததுலேர்ந்து சோறு எறங்கல. தெருவுல செருப்பு சத்தம் கேட்டா நீயோன்னு எழுந்து எழுந்து பாத்தேன்..." குரல் உடைந்தது. "எனக்கும் உம்மேல அப்டித்தான்."