ராசப்பன் போகும் வரிசை

பொத்தானை அழுத்தினால் முப்பது கம்ப்யூட்டரிலும் ஒரே நேரத்தில் புது மென்பொருள் ஏறத் தொடங்க வேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புவனாவின் திரையில் ஒரே ஒரு கட்டம்தான் பச்சையானது.

முதல் வரிசை, முதல் மேசை.

நெட்வொர்க் மந்தம் போல என்று நினைத்துக்கொண்டாள். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் அந்தப் பின்னலாடை ஆலைக்கு அன்றைக்கு விடுமுறை. ஏசியை நிறுத்திவிட்டதால் நீள ஹாலில் சூடேறிய பிளாஸ்டிக் வாசம் தேங்கிக் கிடக்க, கடைசி மேசையில் அவளும் அவள் தலைக்கு மேல் ஒரு மின்விசிறியும் மட்டும்தான் இருந்தார்கள்.

மூன்று நிமிடம் கழித்து இரண்டாவது கட்டம். அப்புறம் மூன்றாவது. பக்கத்துப் பக்கத்து மேசைகள். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க, ஒரு ஆள் எழுந்து நகர்ந்து உட்காரும் நேரம்.

ஆலையின் பழைய கம்ப்யூட்டர் ஆள் ராசப்பன் அப்படித்தான் போவார். பதினாறு வருஷம், சட்டைப் பையில் பென் டிரைவோடு, ஒவ்வொருவரையும் எழுப்பிவிட்டு உட்காருவார். முடித்த மேசையில் கீபோர்டைக் கவிழ்த்து வைப்பார், எண்ணிக்கை தப்பாமலிருக்க. முப்பதையும் முடிக்க அரை நாள் ஆகும். புவனா கொண்டுவந்த புது ஏற்பாட்டில் இருந்த இடத்திலிருந்தே இருபது நிமிடம். யாரும் எழ வேண்டாம், ஒரு மெஷினும் விட்டுப்போகாது.

"அப்ப இனி எனக்கு நடக்கற சோலியே இல்லீங்களா அம்மணி?" என்று கேட்டார் ராசப்பன்.

"உங்க முழங்காலுக்கு நல்லதுதானுங்கண்ணா!"

அவரும் சேர்ந்துதான் சிரித்தார். மறுவாரம் மேனேஜர் மோகன்குமார் கேட்டார்: "ஏம்மா, ராசப்பன் இன்னும் வேணுமா?" வேறு வேலை கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கலாம். புவனா, "தேவைப்படாதுங்க சார்" என்றாள். வேலை போன நாற்பதாம் நாள், தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் வீட்டுப் படியேற அவளுக்குத் துணிவில்லை.

பன்னிரண்டாவது கட்டம் பச்சையானபோது நாற்காலிச் சக்கரம் உருளும் சத்தம் கேட்டது.

எழுந்து பார்த்தாள். முதல் மேசையிலிருந்து பன்னிரண்டாவது வரைக்கும் கீபோர்டுகள் கவிழ்ந்து கிடந்தன. காலையில் அவள் உள்ளே வரும்போது எல்லாம் நிமிர்ந்துதான் இருந்தன. முழங்காலுக்குப் போடும் தைலத்தின் வாசம், மேசை மேசையாக, அவள் பக்கம் வந்துகொண்டிருந்தது.

ஓடலாம். கதவு அந்தப் பக்கம். அவர் வரும் பக்கம்.

திரையில் 'நிறுத்து' என்றொரு பொத்தான் இருந்தது. அழுத்தினால் எல்லாம் நின்றுபோகும். விரலை அதன்மேல் வைத்தாள்.

இன்னொரு தடவை வேண்டாமென்று சொல்வதா?

விரல் தானாக விலகியது. உட்கார்ந்தபடியே அழுதாள்.

இருபது. இருபத்தைந்து. சக்கரச் சத்தம். தைலம். நொண்டி வைக்கும் காலடி.

இருபத்தொன்பது.

பக்கத்து நாற்காலியின் அமுங்கிய மெத்தை எழும்பியது. அவள் தோளுக்கருகே ஒரு மூச்சு. கூச்சமான குரல்.

"செத்த எந்திரிங்க அம்மணி."

எழுந்தாள். அவள் நாற்காலியின் மெத்தை மெல்ல அமுங்கியது. மவுஸ் நகர்ந்தது. மூன்று நிமிடம். சுவரோடு ஒட்டி நின்று பார்த்தாள்.

முப்பதும் பச்சை.

"முடிஞ்சுதுங்கண்ணா" என்றாள். "நீங்க போலாமுங்க."

மெத்தை எழும்பவில்லை.

வெளியே வெயில் சாய்ந்தது. ஆளில்லாத நாற்காலி, பாரத்தோடு முனகி, மெதுவாகத் திரும்பி, அவளுக்கு நேராக வந்து நின்றது. அடுத்த வேலையைக் கேட்டு.