மேசைமேல் இருந்தது

"நல்லா யோசிச்சுச் சொல்லு! அலமாரியப் பூட்டினியா, இல்லையா?"

விடிந்ததிலிருந்து நாத்தனார் அவளிடம் இதைக் கேட்பது இது நாலாவது தடவை. அவளும் யோசித்துத்தான் பார்க்கிறாள். பூட்டினேனா... துணி எடுத்துவிட்டு அப்படியே சாத்தினேனா? நினைக்க நினைக்க எல்லாம் குழம்பியது.

கணவர் நகைக்கடைக் காவலாளி. அந்த வேலைக்காக லைசென்ஸ் எடுத்து வாங்கிய கைத்துப்பாக்கி, முந்தாநாள் பள்ளிக்கூடத்தில், ஒன்பதாவது படிக்கும் மகளின் பையில் கிடைத்தது; அங்கிருந்தே போலீசுக்குத் தகவல் போய்விட்டது! ஏன் எடுத்தாய் என்று யார் கேட்டும் மகள் வாயே திறக்கவில்லை. ஆனால் இன்ஸ்பெக்டரம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்:

"பதினெட்டு வயசு ஆகாத பொண்ணு கையில ஆயுதம் கிடைக்கிற மாதிரி வெச்சது யாரோ, அவங்க மேலதான் கேஸ். பத்து மணிக்கு வந்து எழுதிக் குடுங்க."

கேஸ் கணவர்மேல் விழுந்தால் வேலை போய்விடும். அதனால் அவளே முடிவெடுத்தாள்.

"நான்தான் பூட்ட மறந்துட்டேன்னு எழுதிக் குடுத்துடறேன் அண்ணி..."

"பின்ன? அதானே நடந்திருக்கும்! பெத்த பொண்ணு எதை எடுத்துட்டுப் போறான்னுகூடத் தெரியாம அப்படி என்ன தையல் வேண்டிக்கெடக்கு உனக்கு!"

கணவர் ஷூ கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை பேசக்கூடாதா இந்த மனுஷன்?

"அம்மா ஒண்ணும் மறக்கல அத்தை." உள்ளறை வாசலில் மகள் நின்றிருந்தாள். "அது அலமாரியிலேயே இல்ல."

"என்னடி உளர்றே?"

"நான் மாட்டினதுக்கு முந்தின நாள் சாயங்காலம் சண்டையில அப்பா அதை எடுத்து மேசைமேல வெச்சாரு. அம்மா நடுங்கிக்கிட்டே தையல் ரூமுக்கு ஓடிட்டாங்க. அப்பாவும் அதை அப்படியே போட்டுட்டு வெளிய போயிட்டாரு. வீட்டுல எங்க ஒளிச்சாலும் கண்டுபிடிச்சிடுவாரேன்னுதான் பையில போட்டுக்கிட்டேன்... யாரையும் சுடறதுக்கு இல்லம்மா!"

மேசைமேல் 'டொக்'கென்று வைத்த சத்தம் இப்போதுதான் அவள் காதில் விழுந்ததுபோல் இருந்தது. இடுப்பு வலிக்கிறது, அதனால் கழற்றி வைக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டது நினைவு வந்தது. அவர் உள்ளே எடுத்து வைத்திருப்பார் என்று நம்பியதும்தான்!

"டேய்... நெஜமாடா?" நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினாள்.

"மிரட்டணும்னு வைக்கல அக்கா..." அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். "ஏன் வெச்சேன்னு... எனக்கே தெரியலக்கா!"

"நான் எழுதித் தரமாட்டேங்க," என்றாள் அவள். சொன்னது தான்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

ஸ்டேஷனில் அவரே எழுதினார். இரண்டு காகிதம் வீணானது. மூன்றாவதில் நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டார். லைசென்ஸையும் மேசையில் வைத்தார். கேஸ் அவர்மேல்தான். துப்பாக்கி இனி அந்த வீட்டுக்குத் திரும்பாது.

"என்னை மன்னிச்சிடும்மா... வாய்க்கு வந்ததெல்லாம் பேசிட்டேன்," என்று நாத்தனார் அவளைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கும் அழுகை பொங்கியது. நிம்மதியா, கோபமா, எதற்காக அழுகிறோம் என்றே அவளுக்குப் புரியவில்லை.

கணவர் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"நான்... வீட்டுக்கு வரலாமா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என்னைக் கேக்காதீங்க. அவகிட்ட கேளுங்க."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த மகள் அப்பாவை வெகுநேரம் பார்த்தாள். பிறகு அம்மாவை ஒட்டி நகர்ந்து, அவருக்கும் கொஞ்சம் இடம் விட்டாள்.