புதைக்காத இரும்பு

அடைமழையில் வீட்டில் எந்தத் துணியும் காயவில்லை. கூடத்து ஜன்னல் கம்பியில் போட்டிருந்த குழந்தையின் சட்டை மட்டும் மொறுமொறுவென்று காய்ந்திருந்தது. அவள் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். யாரோ இவ்வளவு நேரம் பிடித்திருந்துவிட்டு அப்போதுதான் கையை எடுத்ததைப் போல வெதுவெதுப்பாக இருந்தது.

"மாமா, இந்தக் கம்பி ஏன் சுடுது?"

மாமனார் உருக்காலையில் கிரேன் ஓட்டியவர். ஆலையை மூடிய பிறகும் அவருக்குப் பேச்செல்லாம் ஆலைதான். முதல் உலை மூட்டியதில் ஆரம்பித்தால் கடைசிச் சங்கு ஊதியது வரை விடமாட்டார், அவளும் 'உம்' கொட்டியபடியே சமையலை முடித்துவிடுவாள். இன்று அவர் நாற்காலியை ஜன்னலிலிருந்து தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அன்னைக்கும் இதே மாதிரி மழைம்மா. உலைக்காரன் ஒருத்தன் வழுக்கி, உருக்குத் தொட்டிக்குள்ள விழுந்துட்டான். பிடிச்சுக்க ஏதாச்சும் கிடைக்குமான்னு அவன் கை மட்டும் மேல துழாவுச்சு. அப்புறம் அதுவும் இல்ல."

"ஐயோ!"

"எடுத்து அடக்கம் பண்ண ஒண்ணுமே மிஞ்சல. அந்த இரும்பையே புதைச்சிடுங்கன்னு எல்லாரும் கெஞ்சுனோம். நல்ல இரும்பை மண்ணுல போடவான்னு மேனேஜர் கம்பியா இழுக்கச் சொல்லிட்டாரு."

"அந்தக் கம்பி எங்க போச்சு?"

"அப்பத்தான் நமக்கு இந்தக் குவார்ட்டர்ஸ் கட்டிட்டிருந்தாங்க."

அவள் உள்ளே ஓடினாள். குழந்தை உள்ளறையில் ஜன்னலை ஒட்டிய கட்டிலில் தூங்குகிறான். விழித்தால் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பதுதான் இப்போது அவன் பழகியிருக்கும் வித்தை.

உள்ளறையில் மழை இரைச்சலும், ஊறிய சுண்ணாம்புச் சுவரின் வாடையும், அவற்றுக்கு அடியில், அடுப்பில் மறந்துபோன வெறும் சட்டி காய்வதைப் போன்ற ஒரு காந்தலும் இருந்தன. அடுப்பை அணைத்தது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது.

குழந்தை நின்றுகொண்டிருந்தான். கம்பியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். அவளுக்கு உயிர் வந்தது.

"திருட்டுப் பயலே, எழுந்துட்டியா? வா."

தூக்கினாள். உடம்பு வந்தது, கை வரவில்லை.

"விடுடா கண்ணா."

அவன் பிடித்திருக்கவில்லை. அவன் விரல்கள் விரிந்துதான் இருந்தன.

குனிந்து பார்த்தாள். கம்பி நேராக இல்லை. வளைந்திருந்தது. பிஞ்சுக் கையைச் சுற்றி. விரல் விரலாக.

இரும்பில் நகங்கள் இருந்தன.

"மாமா!"

மூடிக் கிடந்த ஆலையில் சங்கு ஊதியது.

குழந்தையின் சிரிப்பு நின்றது. அவள் இழுத்தாள். பிடி இறுகியது. தலைக்கு மேலே, கம்பியின் நுனி மெல்லச் சிவந்தது. அந்தச் சிவப்பு கீழே இறங்க ஆரம்பித்தது.