கரண்டி போடாமல் கலந்த பானகம்

காரமடைத் தேர் நாளில் வெயில் எப்படிக் காயும் என்பது அங்கே செருப்பில்லாமல் நடந்தவர்களுக்குத்தான் தெரியும். அதனால் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டுப் பானகம் கொடுப்பார்கள். பொற்கொடியின் தெருப் பந்தல் அவள் அப்பா வேலுமணியின் பொறுப்பு. ஆனால் போன வருடம் அவர்கள் கொடுத்த பானகம் சந்தி சிரித்துவிட்டது.

எல்லாம் வெல்லம் செய்த வேலை. பெரிய டிரம்மில் தண்ணீரை நிரப்பிக் கெட்டியான வெல்லப்பாகை ஊற்றினார்கள். கலக்குகிறவர்களுக்குக் கைதான் வலித்ததே தவிர, பாகு அடியில் சொகுசாகப் படுத்துக்கொண்டது. முதலில் வந்தவர்களுக்கு வெறும் தண்ணீர் கிடைத்தது. கடைசியில் வந்தவர்களுக்கு நாக்கோடு ஒட்டிக்கொள்ளும் பாகு. டிரம் காலியானதும் மறுபடி கலக்கும்வரை ஜனங்கள் வெயிலில் கால் மாற்றி மாற்றி நின்றார்கள்.

பந்தல்களுக்கு இடம் ஒதுக்குகிறவர் கண்ணையா. இந்த வருடமும் அப்படி ஆனால் அந்த இடத்தை வேறு தெருவுக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். வேலுமணி தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாரே தவிர, ஒரு வாய் சாப்பிடவில்லை. ஆறாம் வகுப்புப் படிக்கும் பொற்கொடிக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை.

டிரம் முழுவதையும் எதற்காகக் கலக்க வேண்டும் என்று யோசித்தாள். தண்ணீர் ஒரு பக்கமும் பாகு ஒரு பக்கமும் வந்து, ஓடுகிறபோதே கலந்து, நேராகத் தம்ளரில் விழுந்தால் போதாதா? மேலே ஊற்ற ஊற்றக் கீழே பானகம் வந்துகொண்டே இருக்கும். வரிசையும் நிற்காது. நினைத்ததும் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வகுப்புத் தோழன் நசுருதீனைத் தேடி ஓடினாள். அவன் வீட்டில் பைப் கடை வைத்திருந்தார்கள்.

கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிவான பிளாஸ்டிக் டியூப் ஒன்றை அவன் அப்பாவிடம் கேட்டு வாங்கினார்கள். பெஞ்சின் மேல் குழாய் வைத்த இரண்டு பானைகள். ஒன்றில் தண்ணீர், இன்னொன்றில் பாகு. இரண்டையும் அந்த ஒரே டியூப்பில் சேர்த்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு திறந்தார்கள்.

டியூப்புக்குள் இரண்டு கோடுகள் ஓடின. மேலே தண்ணீர், கீழே பழுப்பாகப் பாகு. சண்டை போட்டுக்கொண்ட இரண்டு பேர் ஒரே பஸ்ஸில் போவதுபோல, கடைசிவரை ஒன்றையொன்று தொடவே இல்லை.

"ஒண்ணாத்தான் ஓடுது. ஆனா ஒட்ட மாட்டேங்குது பாரு" என்றான் நசுருதீன்.

பந்தலுக்கு வந்திருந்த பனையோலையில் ஒரு கீற்றைப் பொற்கொடி கிழித்துக் கழுவினாள். அதைத் திருகு திருகென்று திருகி டியூப்புக்குள் நுழைத்தாள். இப்போது கோடுகள் கயிறு மாதிரி சுற்றிச் சுற்றி ஓடின. ஆனாலும் இரண்டு இரண்டாகவே இருந்தன.

நசுருதீன் சும்மா இருப்பானா? அவனும் ஒரு துண்டு ஓலையைத் திருகி, பின்னாலேயே செருகினான். அவனுக்கு இடது கைப் பழக்கம். அவன் ஓலை எதிர்ப்பக்கமாகத் திருகியிருந்தது. போதாததற்குக் குறுக்காக வேறு போய் நின்றது. எடுத்துவிடப் போனவனின் கையைப் பொற்கொடி பிடித்துக்கொண்டாள். டியூப்பில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். ஓலையின் விளிம்பு பழுப்புக் கோட்டை நடுவில் பிளந்தது. தண்ணீர்க் கோட்டையும் பிளந்தது.

"நசுரு, ரெண்டு கோடு நாலாயிருச்சு. இன்னொரு ஓலை வெச்சா எட்டாகும்."

இருவரும் சின்னச் சின்னத் துண்டுகளை வலப்பக்கம் ஒன்று, இடப்பக்கம் ஒன்று எனத் திருகி, ஒன்றுக்கொன்று குறுக்காகச் செருகிக்கொண்டே போனார்கள். கோடுகள் பிளந்து பிளந்து நூலாயின. பிறகு நூலும் தெரியவில்லை. டியூப்பின் வாயிலிருந்து ஒரே நிறத்தில் பானகம் விழுந்தது. குடித்துப் பார்த்த நசுருதீன் அங்கேயே ஒரு குதி குதித்தான்.

வேலுமணியும் குடித்துப் பார்த்தார். அவருக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் பெரியவர்களுக்கு எல்லாம் பெரிதாக இருக்க வேண்டுமே. இத்தனூண்டு டியூப் தேர்க்கூட்டத்துக்கு எந்த மூலைக்கு என்று, கை பருமனுள்ள குழாய் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினார். ஓலைகள் அதற்குள் தக்கையாய் மிதந்து போயின. பாகு அடியிலும் தண்ணீர் மேலுமாகப் பழைய கதையே நடந்தது. மறுநாள் தேர். அவர் முகம் சுருங்கிப்போனது.

"பெருசு வேண்டாங்கப்பா" என்றாள் பொற்கொடி. "இதே சின்ன டியூப்பையே வரிசையா நெறையா போட்டுக்கலாங்க. ஒவ்வொண்ணும் ஒரு தம்ளரப் பாத்துக்கும்."

அன்று சாயங்காலம் அந்தத் தெருவில் ஓலை திருகாத பிள்ளையே இல்லை.

தேர் நாள் காலையில் கண்ணையா முதல் ஆளாக வந்து ஒரு தம்ளர் குடித்தார். தம்ளரை வைத்துவிட்டு அடுத்த பந்தலுக்கு நடந்தார். நன்றாக இருந்ததா இல்லையா என்று தெரியாமல் வேலுமணி அவர் போன பக்கமே பார்த்தார். யோசிக்க நேரமில்லை. தேர் நகர்ந்ததும் கூட்டம் மொய்த்தது. பொற்கொடியின் அம்மா ராசம்மாள் பாகையும் மற்றவர்கள் தண்ணீரையும் மேலே ஊற்றிக்கொண்டே இருக்க, கீழே வரிசையாக எல்லா டியூப்பும் பானகமாகக் கொட்டின. பொற்கொடி ஒவ்வொரு டியூப்பாகக் குனிந்து பார்த்துக்கொண்டு ஓடினாள். கோடு தெரிந்தால் ஓலையை மாற்றினாள். யாரும் வெயிலில் காத்து நிற்கவில்லை.

பொழுது சாயும் நேரத்தில் கண்ணையா மறுபடி வந்தார். வேண்டுமென்றே வரிசையின் கடைசியில் நின்றார். தம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு வாய் குடித்தார்.

"வேலுமணி, காலைல குடிச்ச அதே ருசி. அடுத்த வருசமும் இந்த எடம் உங்களுக்குத்தான். ஆமா, யாரும் கலக்கறதக் காணோம், எப்படிக் கலக்குனீங்க?"

"எனக்கென்னங்க தெரியும், எங்க அம்மணியக் கேளுங்க" என்று வேலுமணி மகளை முன்னால் இழுத்து நிறுத்தினார். அவர் முகமெல்லாம் பல்.

பொற்கொடி சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. தொண்டை காய்ந்திருந்தது. காலையிலிருந்து ஊருக்கெல்லாம் கொடுத்தவள், தான் ஒரு தம்ளர்கூடக் குடிக்கவில்லை.

கண்ணையா ஒரு தம்ளரை டியூப்பின் கீழே அவரே பிடித்து, நிரப்பி நீட்டினார்.

"முதல்ல குடி கண்ணு. அப்புறம் சொல்லு, நான் நிக்கறேன்."

அவள் ஒரே மூச்சில் குடித்தாள். இனிப்பு சரியாக இருந்தது.