பதினான்கு மாதமாகக் கிடைக்காத குண்டு

சனிக்கிழமை காலை 7.40. ராய்ஸ் ஹோவ்லாண்ட் தன் கராஜில், தோட்டா தயாரிக்கும் மேசைமேல் சரிந்து கிடந்தார். நெற்றிப்பொட்டில் துளை. கையருகே அவருடைய பழைய நாற்பத்தொன்று காலிபர் ரிவால்வர். உள்ளே சுட்ட தோட்டாவின் வெற்றுக் கூடு ஒன்று மட்டும்.

"தற்கொலைதான், இங்கா," என்றார் ஷெரீப். "மொன்டானாவுல பனி உருகுறப்போ வருஷா வருஷம் பாக்குறதுதானே."

புலனாய்வாளர் இங்கா மேசைப் பக்கம் குனிந்தாள். தட்டில் துடைத்து மினுக்கிய ஐம்பது பித்தளைத் தோட்டாக் கூடுகள் வாய் திறந்தபடி நின்றன. வெடிமருந்து டப்பா நிறைந்திருந்தது. கூட்டின் வாயில் பொருத்த வேண்டிய குண்டுகளின் பெட்டி மட்டும் காலி. அதன் அடியில் தூசி.

தலையைத் துளைத்துச் சுவர்ப் பலகையில் புதைந்திருந்த குண்டை நெம்பி எடுத்தாள். செம்பு உறை பளபளத்தது.

சமையலறையில் ராய்ஸின் மனைவி மார்லிஸ் சிலைபோல உட்கார்ந்திருந்தாள். மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு டிராக்டரில் திரும்பியவள்தான் முதலில் பார்த்தாள். பக்கத்துப் பண்ணைக்காரர் லோவெல் அவளுக்குக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வாரமா மனுஷன் ஒரு மாதிரியாத்தான் இருந்தான் மேடம்," என்றார் லோவெல். "வியாழக்கிழமை நான் வந்தப்போ தோட்டா செஞ்சுக்கிட்டிருந்தான். தலையே நிமிரல."

"எத்தனை செஞ்சாரு?"

"ஒரு பெட்டி இருக்கும்."

"குண்டு ஏது?"

"வேற எங்க? வெர்ன் கடையிலதான்."

9.15. துப்பாக்கிக் கடை.

"நாற்பத்தொன்னா?" வெர்ன் கசப்பாகச் சிரித்தார். "அந்தக் குண்டு வந்து பதினாலு மாசமாச்சு. கம்பெனிக்காரன் ஒன்பது மில்லிமீட்டரையே அடிச்சுத் தள்ளுறான். ராய்ஸ் வெள்ளிக்கிழமை தவறாம போன் போடுவாரு. நேத்தும் போட்டாரு. 'இன்னும் வரல'ன்னேன். 'உன் உயில்லயாவது ஒரு பெட்டி என் பேருக்கு எழுதி வை'ன்னு சிரிச்சாரு."

"செஞ்ச தோட்டா?"

"அதுவும் கிடையாது."

"கடைசியா யார் வாங்கினாங்க?"

"ரெண்டே பேரு. ராய்ஸ், லோவெல். ராய்ஸ் செப்டம்பர் சுடும் போட்டியில கடைசித் தோட்டா வரைக்கும் சுட்டுத் தீர்த்துட்டாரு. என் கண்ணு முன்னாடியே லோவெல்கிட்ட அஞ்சு தோட்டா கேட்டாரு. 'ஒண்ணுகூட இல்லடா'ன்னான் அந்தக் கஞ்சன். இப்ப வாய்க்கால் தண்ணி வழக்கு வேற ரெண்டு பேருக்கும் நடுவுல."

11.10. இங்கா ஷெரீபோடு சமையலறைக்குத் திரும்பினாள். மார்லிஸ் உள்ளறையில் இருந்தாள். நாற்காலியை லோவெலுக்கு எதிரே இழுத்துப் போட்டாள்.

"வியாழக்கிழமை ராய்ஸ் தோட்டா செஞ்சாருன்னீங்க. குண்டே இல்லாமயா?"

லோவெலின் கை கோப்பையிலேயே நின்றது. "ஈயத்தை உருக்கி வார்த்திருப்பான்."

"சுவத்துல இருந்தது செம்பு உறை போட்டது. அதை வீட்டுல வார்க்க முடியாது. அந்த மேசையில எல்லாம் இருந்துச்சு, குண்டைத் தவிர. நேத்து சாயந்திரம் வரைக்கும் தேடியும் கிடைக்காத பொருள், இன்னைக்குக் காலையில ஒண்ணே ஒண்ணு மட்டும் அவர் ரிவால்வருக்குள்ள எப்படி வந்துச்சு?"

இங்கா அவர் பக்கம் குனிந்தாள்.

"உங்க துப்பாக்கியில சுட்டா மாட்டிக்குவீங்க. அதனால அவர் ரிவால்வர்ல உங்க தோட்டாவைப் போட்டீங்க. வாய்க்கால் மதகை உடைச்சு நீங்க தண்ணி திருடினதைப் பார்த்த ஒரே சாட்சி அவரு. திங்கட்கிழமை கோர்ட்டுல சாட்சி சொல்ல இருந்தாரு. லோவெல், கொன்னது நீங்கதான்."

"வெறும் பேச்சு!" லோவெல் எழுந்தார். ஷெரீப் வாசலை மறித்து நின்றார்.

1.20. நீதிபதியின் உத்தரவோடு லோவெலின் கொட்டகையைச் சோதித்தார்கள். விதைச் சாக்குகளுக்குப் பின்னால் இருபது தோட்டா கொள்ளும் ஒரு பெட்டி. உள்ளே செம்பு உறைக் குண்டு பொருத்திய நாற்பத்தொன்று காலிபர் தோட்டாக்கள் பத்தொன்பது.

இங்கா மார்லிஸிடம் எல்லாவற்றையும் சொன்னாள். காலையிலிருந்து பதினோரு முறை அழைத்த மகளின் போனை மார்லிஸ் எடுக்கவே இல்லை. என்னவென்று சொல்வது? இப்போது எடுத்தாள்.

"கேரி..." குரல் உடைந்தது. "அப்பா தானா போகலடி. அவரை லோவெல் கொன்னுட்டான்டி."

சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.